உழவர் வீட்டில் நோய்

உழவுத் தொழிலைப் பற்றிப் பேசப் புகுவோர் மழையைப் பற்றிப் பேசுவர். விதையைப் பற்றியும் உரத்தைப் பற்றியும் பேசுவர். நெல் விலையைப் பற்றி மிகுதியாகவே பேசுவர். ஏர் பிடிப்பவனுடைய உடம்பைப் பற்றிப் பேசுவோர் அரியர். உழவு மாடு தீனி எடுக்கவில்லையென்றால் தெருவே கூடி நின்று வைத்தியம் சொல்லும். மாட்டுக்குரியவன் தீனி எடுக்கவில்லையென்றால், 'இரண்டு நாளில் சரியாகிவிடும்' என்று சொல்லிவிட்டு அவரவர் தம் வேலையைப் பார்க்கப் போய்விடுவர். அந்த உடம்பைப் பற்றியும், அது படுத்தால் உடன் படுத்துவிடும் குடும்பத்தைப் பற்றியும் இன்று சில சொல்ல விரும்புகிறோம்.

மும்பையில் உட்கார்ந்துகொண்டு வயலைப் பற்றிப் பேசுவது எங்ஙனம் பொருந்தும் என்று நேயர்களுட் சிலர் எண்ணக்கூடும். தாராவியின் தொண்ணூறடிச் சாலையில் கடை வைத்திருக்கும் முதியவர்களிடத்தும், மாட்டுங்காச் சந்தையில் முருங்கைக்காயும் வாழையிலையும் விற்போரிடத்தும், 'உங்களுக்கு எந்த ஊர்?' என்று கேட்டுப் பாருங்கள். தாமிரபரணிக் கரையிலோ, அதற்கு வடக்கே கரிசற்காட்டிலோ உள்ள ஒரு சிற்றூரின் பெயர் வரும். 'ஏன் ஊரை விட்டீர்கள்?' என்று கேட்டால், முதலில் வரும் விடை 'மழை இல்லை' என்பதாக இருக்கும். சற்று நேரம் உடனிருந்து ஒரு குவளைத் தேநீர் அருந்தினால் இரண்டாவது விடையும் வரும்: 'அப்பாவுக்கு உடம்பு முடியாமற் போயிற்று.' நாம் பலரிடம் கேட்டிருக்கிறோம். முதல் விடை ஊருக்குப் பொதுவானது. இரண்டாவது விடையோ அவரவர் வீட்டுக்கு உரியது.

நமது தொழில் மொழிபெயர்ப்பு. மத்திய அரசின் அறிக்கைகளை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவருவதே நம் அன்றாடப் பணி. அவ்வறிக்கைகளில் 'நோயால் இழந்த ஆள்நாட்கள்' என்ற தொடர் அடிக்கடி வரும். ஓர் ஆள் ஒரு நாள் செய்யும் வேலைக்கு ஆள்நாள் என்று பெயர். தொழிற்சாலைக் கணக்குக்கு இச்சொல் நன்றாகப் பொருந்துகிறது. அங்கே செவ்வாய்க்கிழமை இழந்த நாளும் வெள்ளிக்கிழமை இழந்த நாளும் ஒரே நிறையுடையவை. வயலில் அப்படியில்லை. நாற்றங்காலில் நாற்று இருபத்தைந்து முப்பது நாள் வளர்ந்த பின் அதனைப் பறித்து நடவேண்டும். பத்து நாள் தவறினால் நாற்று முற்றிப்போகும், தூர் கட்டாது. கால்வாயில் நம் முறைக்குத் தண்ணீர் வரும் இரவில் மடையைத் திறக்க ஆள் இல்லையென்றால் அடுத்த முறை வரையில் காத்திருக்க வேண்டும். நடவு நாளில் வந்த காய்ச்சலையும், அறுவடை முடிந்து திண்ணையில் படுத்திருக்கும் நாளில் வந்த காய்ச்சலையும் ஒரே ஆள்நாள் என்று எழுதும்பொழுது நம் கை சற்றுத் தயங்கத்தான் செய்கிறது. ஆனால் அறிக்கையில் உள்ளதைத்தான் நாம் எழுதவேண்டும். திருத்தி எழுதுவது மொழிபெயர்ப்பாளன் வேலையன்று.

தாராவியில் நாம் அறிந்த முதியவர் ஒருவர் உண்டு. வயது எழுபதை ஒட்டியது. பத்து வயதுச் சிறுவனாக இருந்தபொழுது, 1965-ஆம் ஆண்டில், அவர் தந்தையாருக்கு இருமல் கண்டது. அக்காலத்தில் ஊரில் அதனை எலும்புருக்கி என்பார்கள்; க்ஷயரோகம் என்று படித்தவர்கள் சொல்வார்கள். கார், பிசானம் என்னும் இரு போகமும் விளையும் ஒன்றரை ஏக்கர் நன்செய், ஒரு சோடி உழவு மாடு, ஒரு பசு, இவ்வளவே குடும்பத்தின் உடைமை. மருந்து கிடைக்காமற் போகவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நகரத்துக்குச் சென்று ஊசி போட்டுக்கொண்டார். இரண்டு மூன்று மாதத்தில் இருமல் அடங்கிற்று. உடம்பும் சற்றுத் தேறிற்று. அப்பொழுது ஐப்பசி மாதம். பிசானத்துக்கு உழவு தொடங்கிவிட்டது. ஊசிக்காக ஒரு நாள் நகரம் போய் வருவதென்றால் அன்றைய உழவு கெட்டது என்று பொருள். உடம்புதான் நன்றாக இருக்கிறதே என்று ஊசியை நிறுத்திவிட்டார்.

காசநோயின் சூழ்ச்சி அதுதான். பாதி மருந்தில் அது ஒளிந்துகொள்ளுமேயன்றி அழியாது. மறு ஆண்டு இரத்தமாக உமிழ்ந்தார். பின்பு நடந்தவற்றை முதியவர் விரல்விட்டு எண்ணிச் சொல்வார்: முதலில் பசு போயிற்று. அடுத்து அம்மாவின் காதில் கிடந்த பாம்படம் அடகுக்குப் போயிற்று. மாட்டுச் சோடியில் ஒன்று போன பின் மற்றொன்றை வைத்துக்கொண்டு உழ முடியாதாகையால் அதுவும் போயிற்று. மாடு இல்லாதவன் பிறர் மாட்டை வாடகைக்கு எதிர்பார்க்க, ஊரார் எல்லோரும் உழுது முடித்த பின்பே அவன் வயலுக்கு ஏர் வந்தது, விளைச்சல் பாதியாயிற்று. வயல் ஒற்றிக்குப் போயிற்று. ஒற்றியை மீட்க முடியாமல் 1968-இல் கிரயமாயிற்று. வாங்கியவர் கெட்டவரல்லர் என்று முதியவர் ஒவ்வொரு முறையும் சொல்லத் தவறுவதில்லை. தந்தையார் இறந்த பின், 1970-இல், தாய்மாமன் கையைப் பிடித்துக்கொண்டு தாதர் ரயில் நிலையத்தில் வந்து இறங்கினார். அன்று முதல் தாராவித் தோல் கிடங்கில் வேலை. பள்ளிக்கூடத்தை விட்டது பதினோராம் வயதில்; மாடு மேய்க்க ஆள் இல்லாததால் அல்ல, தந்தையாருக்கு வெந்நீர் வைக்க ஆள் இல்லாததால்.

இக்கதையில் புதுமை ஒன்றுமில்லை. புதுமையில்லாமையே அதன் கொடுமை. அனிருத் கிருஷ்ணா என்னும் ஆராய்ச்சியாளர் இராசத்தானத்துச் சிற்றூர்களிலும், பின்னர்க் குசராத்திலும் ஆந்திரத்திலும் வேறு நாடுகளிலும் வீடு வீடாகச் சென்று, 'இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் நன்றாயிருந்த குடும்பம் இன்று ஏன் வறுமையில் வீழ்ந்தது?' என்று விசாரித்தார். சோம்பலும் குடியும் காரணமாக இருக்கும் என்று நகரத்தார் எண்ணிக்கொண்டிருக்க, வீழ்ந்த குடும்பங்களில் பெரும்பாலானவற்றின் கதையில் நோயும் மருத்துவச் செலவும் முன்னின்றன; வட்டிக் கடனும் சடங்குச் செலவும் அவற்றோடு கைகோத்து வந்தன. அவ்வாராய்ச்சியை அவர் 2010-ஆம் ஆண்டில் ஒரு நூலாக வெளியிட்டார். ஒரே ஒரு நோய் எவ்வளவு தொலைவில் நிற்கிறதோ அவ்வளவு தொலைவில்தான் வறுமையும் நிற்கிறது என்பது அந்நூலின் பெயரிலேயே அடங்கியிருக்கிறது.

ஒரு வீட்டில் நிகழ்ந்ததைச் சொன்னோம். ஒரு வட்டாரம் முழுவதும் இவ்வாறு படுத்த வரலாறும் தமிழ்நாட்டில் உண்டு. பட்டுக்கோட்டை வட்டாரத்தை நேயர்கள் அறிவார்கள். காவிரி மேட்டூர்த் திட்டம் வருமுன் அது மழையை நம்பிய மேட்டு நிலம். மேட்டூர் அணை 1934-இல் முடிவுற்றது. அத்திட்டத்தைச் சேர்ந்த கல்லணைக் கால்வாய் பட்டுக்கோட்டைப் பக்கம் தண்ணீரைக் கொண்டுவந்தது. புன்செய் நன்செய் ஆயிற்று. மக்கள் மகிழ்ந்தார்கள்; மகிழத்தக்கதுதான். ஆனால் தண்ணீரோடு மலேரியாவும் வந்தது. கால்வாய் வெட்ட மண் எடுத்த குழிகள் தோறும் நீர் தேங்கிற்று; மணற்பாங்கான நிலத்தில் ஊற்று கசிந்து பள்ளங்களில் நின்றது; புதிதாக நட்ட வயலில் நாற்றுகளுக்கு இடையே வெயில் படும் தெளிநீர் கிடந்தது. இவையெல்லாம் அனாபிலஸ் கூலிசிபேசிஸ் என்னும் கொசு முட்டையிட விரும்பும் இடங்கள்.

ராக்பெல்லர் அறநிறுவனத்தைச் சேர்ந்த மருத்துவர் பால் ரஸ்ஸல் என்பவரும் அவரோடு பணிபுரிந்த இந்திய ஆராய்ச்சியாளர்களும் 1930-களின் பிற்பகுதியில் பட்டுக்கோட்டையில் தங்கி ஆராய்ந்தனர். அவர்கள் கண்டறிந்தவற்றுள் ஒன்று நமக்கு மிகவும் வியப்பளித்தது. நெற்பயிர் ஓர் அடி உயரம் வளர்ந்தவுடன் இக்கொசு அவ்வயலில் முட்டையிடுவதை நிறுத்திவிடுகிறது. நிழல் காரணமா, வேறு காரணமா என்று அறிய, சிறு குட்டைகளில் பயிர் போலக் குச்சிகளை நெருக்கமாக நட்டுப் பார்த்தனர். குச்சிகள் நின்ற குட்டையிலும் கொசு முட்டையிடவில்லை. நீரின்மேல் தாழப் பறந்து முட்டையிடும் கொசுவுக்குக் குச்சிகள் தடையாயின. ஆகவே நடவுக்குப் பிந்திய சில வாரங்களே வயலில் கேடு விளையும் காலம். உழவனுக்கு வேலை நெருக்கும் காலமும் அதுவே. கொசுவுக்கும் உழவனுக்கும் பஞ்சாங்கம் ஒன்றாக அமைந்துவிட்டது போலும்.

ரஸ்ஸலும் மேனன் என்பவரும் சேர்ந்து அங்குள்ள ஊர்களில் மலேரியாவின் பொருளாதார விளைவை அளந்து, 1942-இல் ஒரு மருத்துவ இதழில் கட்டுரையாக வெளியிட்டனர். கொசுவை எண்ணுவதும் குழந்தைகளின் மண்ணீரல் வீக்கத்தைத் தடவிப் பார்ப்பதும் மருத்துவருக்கு வழக்கம்; வீட்டுக் கணக்கையும் நோயின் பகுதியாகக் கருதியது அக்காலத்தில் வழக்கமன்று. நம் போன்றவர்கள் இன்று மொழிபெயர்க்கும் 'ஆள்நாள்' அறிக்கைகளுக்கு இக்கட்டுரையை ஒரு மூத்த உறவினர் என்று சொல்லலாம். பட்டுக்கோட்டைப் பக்கத்துக் காசாங்காட்டில், மண்ணெண்ணெயில் கலந்த பைரத்திரம் என்னும் பூச்சாற்றை வீடுகளுக்குள் தெளித்து, வளர்ந்த கொசுவையே கொல்லும் முறையையும் ரஸ்ஸலும் பொறியாளர் நைப்பும் சோதித்தனர். குளம் குட்டைகளையெல்லாம் தூர்க்க ஏழை ஊரால் இயலாது. வீட்டுச் சுவரில் வந்து அமரும் கொசுவைக் கொல்வது கைக்கு எட்டும் செலவு என்பது அவர்கள் கருத்து.

போருக்குப் பின் டி.டி.டி. வந்தது. பம்பாய் மாகாணத்தில் தார்வார், கன்னட மாவட்டங்களில் மருத்துவர் விஸ்வநாதன் 1946-இல் அதனைப் பெருமளவில் வீடுகளில் தெளிக்கச் செய்தார். அவையும் நெல் விளையும் மலைச்சாரல் ஊர்களே. 1953-இல் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கிற்று. நாடு விடுதலை பெற்ற காலத்தில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ ஏழரைக் கோடிப் பேர் மலேரியாவால் வருந்தினர், எட்டு லட்சம் பேர் மடிந்தனர் என்பது மதிப்பீடு. 1965-ஐ ஒட்டி நோயுற்றோர் தொகை ஒரு லட்சமாகக் குறைந்தது. பின்னர் 1970-களில் அது மீண்டும் தலைதூக்கியதும் உண்மைதான். ஆயினும் அந்தப் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் நாட்டின் விளைச்சலுக்குக் கிடைத்த உதவியில் ஒரு பங்கு மருந்து தெளித்தவர்களுக்கு உரியது. வேளாண்மை வரலாறு எழுதுவோர் அவர்களை மறந்துவிடுகின்றனர்.

காசநோய்க்கு மீண்டும் வருவோம். தாராவி முதியவரின் தந்தையார் நோயுற்றதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே சென்னையில் ஓர் அரிய ஆராய்ச்சி நடந்து முடிந்திருந்தது. காசநோயாளியை ஓராண்டுக் காலம் சானடோரியத்தில் வைத்து, ஓய்வும் நல்லுணவும் நற்காற்றும் அளித்தாலொழிய நோய் தீராது என்று உலகம் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. நம் நாட்டில் அத்தனை படுக்கைகளுக்கு எங்கே போவது? 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தில், நகரத்து ஏழை நோயாளிகள் 193 பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர் சானடோரியத்தில். மற்றவர் தம் நெருக்கமான சிறு வீடுகளில். இரு சாராருக்கும் ஒரே மருந்துகள். வீட்டிலிருந்தவர்களுக்கு உணவு குறைவு, ஓய்வு குறைவு, காற்றும் குறைவு. இருந்தும் இரு பிரிவினரும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைந்தனர். வீட்டிலிருந்த மற்றவர்களுக்கு அதனால் நோய் மிகுதியாகத் தொற்றவும் இல்லை. 1959-இல் வெளியான இம்முடிவு உலகெங்கும் சானடோரியங்களின் கதவுகளை மெல்ல மெல்ல மூடச் செய்தது.

மருத்துவர்கள் இதனை மருந்தின் வெற்றி என்று கூறுவர். உழவர் வீட்டுக் கண்ணால் பார்ப்போருக்கு இதில் வேறொன்றும் தெரியும். வீட்டைவிட்டு ஓராண்டு அகலாமலே நோயைத் தீர்க்கலாம் என்பது, வயலை ஒற்றி வைக்காமலே நோயைத் தீர்க்கலாம் என்பதற்கு மிகவும் அருகில் வருகிறது. ஆனால் அருகில்தான் வருகிறது. மருந்து நாள்தோறும் வீட்டுக்கு எட்டவேண்டும். நோயாளி அதனைப் பாதியில் விடாதிருக்க வேண்டும். அவன் உழைக்காத மாதங்களில் அடுப்பு எரியவேண்டும். இம்மூன்றாவது செய்தி நெடுங்காலம் எவர் கணக்கிலும் வரவில்லை. காசநோயாளிக்கு ஊட்டத்திற்காக மாதம் 500 ரூபாய் என்ற மத்திய அரசின் உதவி 2018-இல்தான் வந்தது. 2024 நவம்பர் முதல் அது 1,000 ரூபாயாக உயர்ந்தது. சார்க்கண்டு மாநிலத்தில் ஏறத்தாழ 2,800 நோயாளிகளின் வீடுகளில் நடந்த ஓர் ஆராய்ச்சியின் முடிவு 2023-இல் வெளிவந்தது. நோயாளிக்கு மட்டுமன்றி வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் மாதந்தோறும் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் கொடுத்த வீடுகளில், மற்றவருக்கு நோய் வருவது 39 விழுக்காடு குறைந்தது. அரிசியையும் பருப்பையும் விளைவிக்கும் நாட்டில், அரிசியும் பருப்பும் மருந்தாகும் என்று நிறுவ ஓர் ஆராய்ச்சி தேவைப்பட்டதே என்று நாம் வியந்துகொண்டோம்.

மும்பையிலிருந்து கிழக்கே மராத்வாடாவில் பீட் மாவட்டம் இருக்கிறது. மழை குறைந்த மண். அங்குள்ள சிறு உழவர் குடும்பங்கள் ஐப்பசி கார்த்திகையில் வீட்டைப் பூட்டிக்கொண்டு மேற்கு மகாராட்டிரத்துக் கரும்புத் தோட்டங்களுக்கு வெட்டுக்கூலிகளாகச் செல்கின்றன. திரும்புவது சித்திரையை ஒட்டி. கணவனும் மனைவியும் சேர்ந்தே ஓர் அரிவாள் என்று கணக்கு. முகாதம் என்னும் மேஸ்திரி முன்பணம் கொடுத்துவிடுவான். ஒரு நாள் வராவிட்டால் அந்நாளுக்குத் தண்டம் பிடிப்பான். மாதவிலக்கும் வயிற்றுவலியும் தண்டத்துக்குரிய குற்றங்களாக ஆகிவிட்டன. 2019-இல் மகாராட்டிர அரசு அமைத்த குழுவினர், 82,000-க்கும் மேற்பட்ட கரும்பு வெட்டும் பெண்களை விசாரித்ததில், 13,000-க்கும் மேற்பட்டோர் கருப்பையை அறுத்து நீக்கிக்கொண்டவர்கள் என்று தெரிந்தது. பலர் இளம் வயதினர். நோய்க்கு மருந்து தேடிப் போனவர்களுக்கு உறுப்பை நீக்குவதே வழியென்று சொல்லப்பட்டது. அதற்குரிய பணத்தையும் மேஸ்திரியிடமே கடனாக வாங்கி, அக்கடனைத் தீர்க்க மீண்டும் அரிவாளைத் தூக்கினார்கள். இதனைப் பற்றி நாம் அதிகம் பேச விரும்பவில்லை. அறிக்கையைப் படித்த அன்று இரவு காப்பியில் சர்க்கரை போட்டுக்கொள்ள மனம் வரவில்லை என்பதை மட்டும் சொல்லிவைக்கிறோம்.

அதே மாநிலத்தின் யவத்மாலில் 2017-ஆம் ஆண்டு, பருத்திக்குப் பூச்சிமருந்து தெளித்தவர்களில் இருபதுக்கு மேற்பட்டோர் நஞ்சேறி இறந்தனர். நூற்றுக்கணக்கானவர் மருத்துவமனைகளில் சேர்ந்தனர். ஆள் உயரத்துக்கு வளர்ந்த பருத்திக்குள் நின்று, முகமூடியும் கையுறையுமின்றி மருந்து தெளித்தவர்கள் அவர்கள். அங்கே நோயும் பயிரும் வேறு வேறாக இல்லை.

இனி நம் வீட்டுச் செய்தி ஒன்று. இதனைச் சொல்லலாமா என்று சிறிது தயங்கினோம். தமக்கையார் சொல்லலாம் என்று இசைவு தந்தார்.

நம் தமக்கையாரை மணந்த அத்தான் ஓர் உழவர். தாமிரபரணிப் பாசனத்தில் இரண்டு ஏக்கர். வெற்றிலையும் புகையிலையும் போடும் பழக்கம் உண்டு. 2022-ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் வாயில் ஒரு புண் கண்டது. கார் அறுவடை முடியட்டும் என்றார். முடிந்தது. உள்ளூரில் ஒருவர் மருந்து பூசச் சொன்னார், பூசினார். பிசான நடவு முடியட்டும் என்றார். அதுவும் முடிந்தது. மார்கழியில் சோறு மெல்ல முடியவில்லை. தை பிறந்ததும் தமக்கையாரும் அவருமாக ரயிலேறி, செம்பூரில் நம் வீட்டுக்கு வந்து சேர்ந்தனர். மும்பையில் பரேல் பகுதியில் 1941 முதல் நடந்துவரும் டாட்டா நினைவு மருத்துவமனை புற்றுநோய்க்குப் பெயர்பெற்றது என்பது ஊரிலும் தெரியும்.

அந்த ஐந்து மாதத் தாமதத்தை நாம் பிறகு கடிந்துகொண்டோம். மாதச் சம்பளக்காரர்களுக்குக் கடிந்துகொள்வது எளிது. ஆவணியில் அவர் புறப்பட்டிருந்தால் கார் நெல்லை யார் அறுத்திருப்பார்கள், பிசானத்துக்கு யார் நாற்றுப் பாவியிருப்பார்கள் என்று தமக்கையார் அமைதியாகக் கேட்டார். நம்மிடம் விடை இல்லை.

விடியற்காலையில் செம்பூரில் ஏறி, குர்லாவில் வண்டி மாறி, பரேலில் இறங்குவோம். மருத்துவமனையைச் சுற்றியுள்ள நடைபாதையில் பாயும் பாத்திரமுமாகக் குடும்பங்கள் தங்கியிருப்பதைக் காண்போம். பீகாரிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் விதர்ப்பத்திலிருந்தும் வந்தவர்கள். மொழி புரியாவிட்டாலும் கைபேசியில் அவர்கள் உரக்கப் பேசும் பேச்சு எதைப் பற்றியது என்று இரண்டாம் நாளே புரிந்துவிட்டது. மழை பெய்ததா, மோட்டார் ஓடுகிறதா, கோதுமை அறுத்தாயிற்றா என்பவையே. வரிசையில் உட்கார்ந்திருந்த அத்தானும், பேசவே வலிக்கும் வாயோடு, மகனை அழைத்துக் கேட்பது ஒன்றே: 'மடை திறந்தாயா?'

மகன் அப்பொழுது பன்னிரண்டாம் வகுப்பு. பொதுத் தேர்வு பங்குனியில், அறுவடை மாசியில். அறுவைச் சிகிச்சை முடிந்து கதிர்வீச்சு தொடங்கும் வேளையில் நெல் முற்றிவிட்டது. தமக்கையார் ஊருக்குத் திரும்பினால் அத்தானுக்குக் குழாய் வழியே கஞ்சி செலுத்த ஆள் இல்லை. திரும்பாவிட்டால் நெல்லுக்கு ஆள் இல்லை. இறுதியில் பையனே அறுவடையைப் பார்த்துக்கொண்டான். வாடகைக்கு வரும் அறுவடை இயந்திரம், பேசிய நாளுக்குப் பத்து நாள் பிந்தி வந்தது. பெரியவர் நின்று கேட்டிருந்தால் வந்திருக்கும். பதினேழு வயதுப் பிள்ளையின் வாய்ச்சொல்லுக்கு எவர் அஞ்சுவர்? கதிர் சாய்ந்து, நெல் உதிர்ந்தது போக மிஞ்சியது வீடு வந்தது. பால் கறக்கவும் புல் அறுக்கவும் ஆளில்லாமையால் எருமை முன்பே விலையாகிவிட்டது. பையன் தேர்வும் எழுதினான். எழுதினான் என்ற அளவோடு நிறுத்திக்கொள்கிறோம்.

தமக்கையார் ஒரு சிறு குறிப்பேட்டில் செலவுகளை எழுதிவந்தார். சிகிச்சை முடிந்த பின் ஒரு மாலை நாம் இருவரும் அதனைக் கூட்டினோம். மருத்துவமனைக்கென்று எழுதிய பக்கங்கள், சலுகைகளின் பயனாக, நாம் அஞ்சியதைவிடக் குறைவு. ரயில் கட்டணம், மாவுக்கஞ்சிப் பொடி, இளநீர், ஊரில் களையெடுப்புக்கும் மருந்தடிப்புக்கும் கொடுத்த கூலி, உதிர்ந்த நெல், எருமையின் பால், நகைக்கடன் வட்டி ஆகிய இவையெல்லாம் அதனை விட மிகுந்தன. அத்தான் சேற்றில் இறங்காத நாட்களுக்கு அவர் தொகை ஏதும் எழுதவில்லை. 'அதற்கு என்ன விலை போடுவது, தம்பி?' என்றார். நாம் ஆள்நாள் என்ற சொல்லை அவரிடம் சொல்லவில்லை.

நாம் நோயுற்றால் நிலைமை வேறு. மத்திய அரசு ஊழியருக்கு ஆண்டுக்கு 20 நாள் அரைச் சம்பள விடுப்பு கணக்கில் சேர்கிறது. மருத்துவச் சான்று கொடுத்தால் அதைப் பாதியாகக் கழித்து முழுச் சம்பளமாகவும் மாற்றிக்கொள்ளலாம். தொழிற்சாலைத் தொழிலாளிக்குக் காப்பீட்டுச் சட்டப்படி, நோயுற்ற நாட்களுக்குக் கூலியில் 70 விழுக்காடு, ஆண்டுக்கு 91 நாள் வரை, கிடைக்க வழியுண்டு. இவ்விரு விதிகளையும் நாமே தமிழில் எழுதியிருக்கிறோம். தன் நிலத்தைத் தானே உழும் சிறு உழவனுக்கும், அவன் வயலில் களை பறிக்கும் பெண்ணுக்கும் இத்தகைய விதியொன்றைத் தமிழாக்கும் வாய்ப்பு நமக்கு இதுவரை வாய்க்கவில்லை.

நடந்த நன்மைகளை மறைக்கலாகாது. தமிழ்நாட்டில் ஏழைக் குடும்பங்களுக்கான மருத்துவக் காப்பீடு 2009 முதல் நடைபெறுகிறது. நாடு முழுவதற்குமான ஆயுஷ்மான் பாரத் திட்டம் 2018-இல் வந்து, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் செலவை ஏற்கிறது. நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் தம் மடியிலிருந்து கொடுக்கும் பங்கு 2013-14-இல் 64 விழுக்காடாக இருந்தது, 2021-22-இல் 39 விழுக்காடாகக் குறைந்திருக்கிறது என்று தேசிய நலவாழ்வுக் கணக்கு கூறுகிறது. ஆனால் இக்கணக்குகள் மருத்துவருக்கும் மருந்துக்கடைக்கும் போகும் பணத்தைப் பற்றியவை. தமக்கையாரின் குறிப்பேட்டில் நெல்லும் எருமையும் இருந்த பக்கங்கள் அவற்றுள் வாரா.

சென்ற காலத்தில் செய்த திட்டங்களுள் நம் மனத்துக்கு உகந்தது தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்'. இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் உரிய மாத்திரைகளை ஊழியர்கள் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். மாத்திரை வாங்க ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்தில் வரிசையில் நிற்பவர்களுக்கு அந்த நாள் மிஞ்சுகிறது. 1965-இல் ஐப்பசி உழவின்போது ஒருவர் ஊசியோடு தம் ஊருக்கு வந்திருந்தால் என்று தாராவி முதியவர் ஒருமுறை சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டு, கடைக்கு வந்தவருக்குச் சில்லறை எண்ணிக் கொடுக்கப் போய்விட்டார்.

அத்தான் இப்பொழுது ஊரில் இருக்கிறார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்கு வருகிறார். பேச்சு சற்றுக் குழறும், மென்மையான உணவுதான். இரண்டு ஏக்கரில் ஒன்று குத்தகைக்குப் போயிருக்கிறது. மற்ற ஏக்கரைப் பையன் பார்க்கிறான். கல்லூரிக்குப் போகும் எண்ணத்தை அடுத்த ஆண்டு, அடுத்த ஆண்டு என்று தள்ளிக்கொண்டே வருகிறான். சென்ற வாரம் தமக்கையார் தொலைபேசியில் அழைத்தார். அடுத்த பரிசோதனைக்கு மருத்துவமனை குறித்துக் கொடுத்திருக்கும் நாள் ஐப்பசி நடவுக்குள் வருகிறதாம். இரண்டு வாரம் தள்ளிக் கேட்க முடியுமா என்று நம்மைப் பரேலுக்குப் போய் விசாரிக்கச் சொல்லியிருக்கிறார். நாளை காலை போகிறோம்.